வரிக்குதிரையின் வாயும் வயிறும்

யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரை மேய்வதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு வரிக்குதிரையின் வாய் உடனே விளங்கும். இரண்டும் ஒரே குடும்பம். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. நாக்கால் சுற்றி இழுக்கும். வரிக்குதிரைக்கு மேலும் கீழும் உண்டு, முற்றிய தண்டையும் நறுக்கென்று வெட்டிவிடும்.

வயிறும் வேறு. இரைமீட்கும் மாட்டுக்கு நார் நன்றாக அரைபட்ட பிறகுதான் கீழே இறங்கும். வைக்கோல் மாதிரிப் புல்லானால் வயிறு நிரம்பி நிற்கும், மேலும் தின்ன ஏலாது. வரிக்குதிரைக்கு நார் நொதித்துச் செரிப்பது வயிற்றுக்குப் பிறகு, பின்குடலில். சத்து முழுதும் சேராது, ஆனால் கெதியாய்க் கடந்துவிடும். அதனால் தரம் குறைந்த புல்லையே கனக்கத் தின்று பிழைக்கும்.

ஆபிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் வரிக்குதிரை முன்னே போய் உயர்ந்த முரட்டுத் தண்டைக் கழிக்க, பின்னால் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனம் புல்லின் இலையை மேயும். கடைசியாகத் தொம்சன் சிறுமான் தரையோடு கிடக்கும் தளிரைக் கொறிக்கும்.

பலவீனம் தண்ணீர். சமவெளி வரிக்குதிரை நீர்நிலையை விட்டுத் தூரம் போகாது. வழியை மறித்தால் புல் இருந்தும் வாடும். நெடுந்தீவுக் குதிரைகளுக்குக் கோடையில் குளம் வற்றும்போது நடப்பதும் இதுதான். பொட்ஸ்வானாவில் ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்புக்கும் மக்கடிக்கடி உப்புவெளிக்கும் இடையே வரிக்குதிரைகள் போய்வந்த பாதையை மறித்து 1968இல் போட்ட கால்நடை வேலி 2004இல்தான் அகற்றப்பட்டது. சில வருடங்களுக்குள் வரிக்குதிரைகள் அந்தப் பாதையைத் திரும்பப் பிடித்தன. முன்பு அதில் நடந்தவை ஒன்றும் அப்போது உயிரோடு இல்லை.