குழிவுக் கத்தியும் ஆப்புக் கத்தியும்: மூன்று மாதம் மழித்துப் பார்த்தது

தைப்பூசம் முடிந்த மறுவாரத்திலிருந்து மூன்று சவரக் கத்திகளை மாற்றி மாற்றி வைத்து மழித்து வருகிறேன். மூன்றும் பழைய மடக்குக் கத்திகள், மூன்றையும் நானே தீட்டினேன், அதே கற்கள், ஒரே தோல் வார், ஒரே சோப்பு. பக்கவாட்டை எவ்வளவு குடைந்து எடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நோட்டில் கிறுக்கி வைத்திருப்பது எனக்கே புரியாமல் போவதற்குள் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் கத்தி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது, 5/8 அங்குல அகலம், முழுக் குழிவு. இரண்டு பக்கமும் சாணைச் சக்கரத்தில் ஆழமாகக் குடைந்திருப்பதால் முதுகுக்குக் கீழே காகிதம் போல மெலிந்துவிடும். கட்டைவிரல் நகத்தின் மேல் விளிம்பைச் சாய்த்து வைத்து லேசாக, மிக லேசாக அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் இரும்பு வளைந்து கொடுப்பது வெளிச்சத்தில் தெரியும். இரண்டாவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது, 6/8 அங்குலம், குழிவே இல்லாத ஆப்பு, அதாவது வெட்ஜ். இதை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் கொடுத்தார். கடைகளில் எல்லாம் பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டும் கத்தி வந்த பிறகு இது அவருடைய மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. மூன்றாவது அரைக் குழிவு, அதுவும் 6/8, ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை போடும் பழைய சாமான் சந்தையில் 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன், துருவோடு.

ஆப்புக் கத்தி பருமனாக இருக்கிறதே, கூர் மழுங்கலாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. மடக்குக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லில் படும், அதனால் முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும்தான் கூரின் கோணத்தை முடிவு செய்கின்றன. சோலிங்கன் கத்தியின் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகு 4.6, கணக்குப் போட்டால் ஏறக்குறைய 16.5 டிகிரி. ஷெஃபீல்ட் கத்தி 19 மில்லிமீட்டர், முதுகு 5.6, கிட்டத்தட்ட 17 டிகிரி. அரை டிகிரிதான் வித்தியாசம். கூர் இரண்டிலும் ஒன்றுதான், அந்தக் கூருக்குப் பின்னால் எவ்வளவு இரும்பு நிற்கிறது என்பதுதான் வேறு. குழிவு என்ன செய்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

முழுக் குழிவில் இரண்டு வாரம் தொடர்ந்து மழித்தேன். கன்னத்தில் இறங்கும்போது சத்தம் போடும். சரசரவென்று, ஒவ்வொரு முடியும் அறுபடுவது காதில் விழும், மெல்லிய தகடு அதிர்வதால் வரும் சத்தம் அது. இந்தச் சத்தம்தான் எனக்கு வாத்தியார். கோணம் சரியாக இருந்தால் சத்தம் சீராக வரும். முதுகு அதிகம் தூக்கிவிட்டால் கரகரப்பாக மாறும், அப்போதே கையை நிறுத்தினால் தோல் தப்பிக்கும். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பாலுக்காகப் பட்டையைச் சீவியவர். இதைச் சொன்னபோது, "நாங்களும் அப்படித்தான்டா, பட்டையைச் சீவுற சத்தம் மாறினா கையை எடுத்துடணும், இல்லாட்டி மரத்துல காயம் பட்டுடும்" என்றார். விடியாத நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையை மட்டும் எடுத்து, உள்ளே இருக்கும் வளரும் தோலைத் தொடாமல் வெட்டிய கை அது. கத்தியைப் பற்றி அம்மா சொல்வதை நான் குறித்துக்கொள்வேன்.

ஆனால் முழுக் குழிவு தாடைக்கு வந்ததும் தடுமாறியது. எனக்கு முகவாயில் முடி கம்பி மாதிரி. தினமும் மழித்தால் பிரச்சினை இல்லை, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் விளிம்பு முடியில் பட்டுத் துள்ளுகிறது. துள்ளினால் நம் கை தானாகவே அழுத்தும், அழுத்தினால் மெல்லிய இரும்பு வளையும், அங்கேதான் எரிச்சல். மார்ச் மாதத்தில் இரண்டு முறை படிகாரம் தடவியபோது முகவாய் முழுக்கத் தீயாக எரிந்தது.

அப்புறம் ஆப்புக் கத்தி. இதைத் தீட்டவே இரண்டு வார இறுதிகள் போய்விட்டன. குழிவுக் கத்தியில் முதுகின் ஒரு கோடும் விளிம்பின் ஒரு கோடும்தான் கல்லில் படும், நடுவில் காற்று. ஆப்பில் பக்கம் முழுவதும் கல்லில் படுத்துக்கொள்ளும், அவ்வளவு இரும்பையும் தேய்த்தால்தான் விளிம்புக்குப் போய்ச் சேர முடியும். மார்க்கர் பேனாவால் விளிம்பு ஓரம் முழுக்கக் கறுப்பு பூசி, 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்) பத்து இழுப்பு இழுத்துப் பார்த்தேன். நடுப்பகுதியில் கறுப்பு அப்படியே இருந்தது, கல் அங்கே தொடவே இல்லை. கடைசியில் முதுகில் ஒரு சுற்று எலக்ட்ரிக் டேப் ஒட்டித் தீட்டினேன். கோணம் ஒரு டிகிரி அளவுக்குக் கூடும், அது பரவாயில்லை, விளிம்பில் மட்டும் புதிய முகம் விழுந்தது. 1000, பிறகு 6000, பிறகு 12000, கடைசியில் தோல் வாரில் அறுபது இழுப்பு.

முதல் நாள் மழித்தபோது வெட்டுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சத்தமே இல்லை. கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறது! மூன்று நாள் தாடியில் முகவாயை ஒரே இழுப்பில் வழித்துக்கொண்டு போனது, துள்ளல் கொஞ்சமும் இல்லை. கடை அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, அந்தக் காலத்துல தோட்டத்து ஆளுங்க வாரத்துக்கு ஒரு தடவதான் உட்காருவாங்க. மெல்லிசு கத்தி அந்தத் தாடிக்குக் குதிக்கும். இது குதிக்காது. ஆனா இது உன்கிட்ட எதுவும் பேசாது, நீதான் பார்த்துக்கணும்" என்றார். அவர் சொன்ன இரண்டாவது பாதி நான்காம் நாள் புரிந்தது. காதுக்குக் கீழே தாடை வளையும் இடத்தில் கோணம் தவறியது, முழுக் குழிவாக இருந்தால் சத்தத்திலேயே தெரிந்திருக்கும், இதில் ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. மூக்குக்குக் கீழேயும் இது எனக்குச் சரிப்படவில்லை. 6/8 அகலமும் அந்தப் பருமனும் சேர்ந்து விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை மறைத்துவிடுகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நான் கனமான கத்தியைத்தான் அதிகம் அழுத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்காததால் வேலை நடக்கவில்லை என்று கை நினைத்துக்கொள்கிறது. அதன் எடையிலேயே விட்டு, முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் தடிமன் அளவுக்குச் சற்றே கூடுதலான இடைவெளி வைத்தால் (அதுதான் 30 டிகிரி சுமாருக்கு வரும்) போதும்.

அரைக் குழிவைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை, அதுதான் அதன் நல்ல குணம். கொஞ்சம் சத்தம் வரும், எச்சரிக்கைக்கு அது போதும். முகவாயில் வளையாது. குழிவு இருப்பதால் வழித்த நுரையையும் ஏந்திக்கொள்ளும், ஆப்பில் நுரை பக்கவாட்டில் வழிந்து விரலுக்கு வந்து பிடி வழுக்கும். தீட்டுவதும் சுலபம், ஏப்ரல் முழுக்க 12000 கல்லில் ஒரே ஒரு முறை தொட்டுக்கொண்டேன்.

துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்தில் முழுக் குழிவின் விளிம்பில் ஒரு புள்ளி துரு வந்தாலும் அது அந்த இடத்தையே தின்றுவிடும், மறுபடியும் 1000 கல்லுக்குப் போக வேண்டியதுதான். மழித்த உடனே துடைத்து, தோல் வாரில் பத்து இழுப்பு இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பூசி, குளியலறைக்கு வெளியே வைக்கிறேன்.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்: வேலை நாட்களில் பசியாறுவதற்கு முன் முழுக் குழிவு, தினமும் மழிப்பதால் அதற்குச் சிரமமில்லை. இரவு ஷிஃப்ட் வாரத்தில் தாடி விட்டுப்போனால் அரைக் குழிவு. ஆப்பைக் கடை அண்ணனிடம் தீட்டிய கூரோடு காட்டப் போனேன், முன்கையில் நாலு முடியை வழித்துப் பார்த்தவர் திருப்பிக் கொடுக்காமல் துண்டில் சுற்றி மேசை மேல் வைத்தார். வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் குறைந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார், தாடையின் அந்த வளைவை எப்படி எடுப்பது என்று என் முகத்திலேயே காட்டித் தருவதாக.