அஞ்சறைப் பெட்டி இல்லாமல் ஒரு கறிச் சாப்பாடு

ஷெப்பர்ட்ஸ் பை செய்கிற அன்று நான் முதலில் செய்யும் வேலை, அஞ்சறைப் பெட்டியை எடுத்து மேல் அலமாரியில் ஏற்றிவைப்பது. மேடையில் இருந்தால் கை சும்மா இருக்காது. கறி சட்டியில் விழுந்ததும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடும். அப்புறம் ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள். சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, கரம் மசாலா மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதையும் போட்டுவிடும். கடைசியில் கிடைப்பது நம்ம ஊர்க் கொத்துக்கறி, அதன் தலையில் கொஞ்சம் உருளைக்கிழங்கு. அதுவும் ருசியாகத்தான் இருக்கும், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு சாப்பாடு.

தெரியாதவர்களுக்காக: கொத்துக்கறியை வெங்காயம், காரட்டோடு கெட்டிக் குழம்பாக வேகவைத்து, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, மேலே வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கால் மூடி, அவன் அடுப்பில் வைத்து மேல்பக்கம் சிவந்ததும் எடுப்பதுதான் ஷெப்பர்ட்ஸ் பை. நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த பிறகு நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அந்த மாதங்களுக்கான சாப்பாடு இது. வெயில் காலத்தில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆட்டுக்கறியில் செய்தால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறியில் செய்தால் காட்டேஜ் பை. இதை மாற்றிச் சொல்லிப் பாருங்கள், திருத்துவதற்கு உடனே ஒரு ஆள் வருவார். காட்டேஜ் பை என்ற பெயர்தான் மூத்தது. 1791லேயே எழுத்தில் இருக்கிறது. ஷெப்பர்ட்ஸ் பை 19ம் நூற்றாண்டின் நடுவில் வருகிறது. ரொம்ப காலம் எந்தக் கறிக்கும் எந்தப் பெயரையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இந்தக் கறார் எல்லாம் பின்னால் வந்தது.

அடிப்படையில் இது மீந்ததைத் தீர்க்கும் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய கறித்துண்டை ரோஸ்ட் செய்வார்கள். அந்தக் காலத்தில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். வீட்டுப் பெண்களுக்கு அடுப்படியில் நிற்க நேரம் இருக்காது. முந்தின நாள் மிச்சமான கறியை அரைத்து, கிரேவியில் கலந்து, கிழங்கால் மூடி அவனில் தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஆகிவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் அம்மா இன்னும் அப்படித்தான் செய்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். என்னை, தபால்காரரை, என் மகளை என்று எல்லோரையும் ‘லவ்’ என்றே கூப்பிடுவார். அவரிடம் ஸ்பாங் கம்பெனியின் பழைய கறி அரைக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. மேசை விளிம்பில் திருகி மாட்டிக் கையால் சுற்றுவது. மேசை நசுங்காமல் இருக்க அட்டையை மடித்துத் திருகுக்கு அடியில் கொடுப்பார். அப்படியும் அந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்துகிடக்கிறது. மீந்த ரோஸ்ட்டைத் துண்டு துண்டாக உள்ளே போட்டுச் சுற்றுவார். கடைசியில் ஒரு ரொட்டித் துண்டைப் போடுவார். உள்ளே தங்கிப்போன கறியையெல்லாம் அது முன்னால் தள்ளிக்கொண்டு வரும். ஓட்டைகளில் ரொட்டி வெள்ளையாக எட்டிப்பார்த்ததும் கையை நிறுத்திவிடுவார். பச்சைக் கறியில் செய்வது அவரைப் பொறுத்தவரை சோம்பேறித்தனம்.

எங்கள் வீட்டில் ரோஸ்ட் மீந்த வரலாறு கிடையாது. அதனால் நான் சோம்பேறி வழியில்தான் போகிறேன். நான்கு பேருக்கு 750 கிராம் ஆட்டுக் கொத்துக்கறி. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் கொழுப்பு 20 சதவீதம் வரைகூட இருக்கும், மேலேயே போட்டிருப்பார்கள். எனக்குப் பிடித்தது இந்த ஊர் மூர் மார்க்கெட்டில் கறிக்கடையில் முன்சப்பையைக் காட்டி, கண்ணெதிரே ஒரே ஒரு தடவை அரைத்து வாங்குவது. இரண்டு தடவை ஓட்டினால் கூழாகிவிடும். வெந்த பிறகு வாயில் கறி என்று தெரிய வேண்டாமா?

இந்தச் சாப்பாட்டின் உயிர் கறியைச் சிவக்க விடுவதில் இருக்கிறது. மசாலா இல்லை என்றால் ருசி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் இதுதான். அகலமான, கனமான சட்டி. நன்றாகக் காயட்டும். கறியை இரண்டு ஈடாகப் போடுங்கள். போட்டுப் பரப்பி, கரண்டியால் அழுத்திவிட்டு நாலைந்து நிமிடம் தொடவே கூடாது. கறி முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி வெந்து சாம்பல் நிறத்துக்குத்தான் வரும். தண்ணீர் சுண்டி, 140 டிகிரி பக்கம் போன பிறகுதான் அந்தப் பழுப்பும் வாசனையும். மொத்தத்தையும் ஒரே ஈடாகக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்குப் போகவே போகாது.

திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ காலில் இதைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“மஞ்சத்தூள்கூடப் போடலையா? கவுச்சி அடிக்காதாப்பா?”

“இல்லம்மா. தண்ணியெல்லாம் சுண்டி, நல்லாச் செவக்குற வரைக்கும் விட்டுருவேன்.”

“சுக்காவுக்கு வதக்குற மாதிரியா? அப்பச் சரி.” கொஞ்ச நேரம் கழித்து, “உப்பாவது போட்டியா?”

சுக்காவேதான். நம் ஆட்கள் எண்ணெய் பிரியும்வரை விடாமல் வதக்குவதும் இதே காரணத்துக்குத்தான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

சிவந்த கறியை எடுத்துவைத்துவிட்டுச் சட்டியைச் சாய்த்து, தேங்கிய கொழுப்பை வழித்து எடுங்கள். ஒரு ஸ்பூன் மட்டும் இருக்கட்டும். அதில் இரண்டு வெங்காயம், இரண்டு காரட், இரண்டு தண்டு செலரி, எல்லாம் பொடியாக நறுக்கியது. மிதமான தீயில் கால் மணி நேரம் வதங்கட்டும். இதில் அவசரப்பட்டால் காரட் கடைசிவரை விறைத்துக்கொண்டு நிற்கும். நசுக்கிய பூண்டு இரண்டு பல். தக்காளி பியூரே ஒரு பெரிய ஸ்பூன் போட்டு, அதன் சிவப்பு கொஞ்சம் இருண்டு செங்கல் நிறத்துக்கு வரும்வரை வதக்க வேண்டும். அப்புறம் ஒரு பெரிய ஸ்பூன் மைதா. கறியைத் திரும்பச் சேர்த்து, 400 மில்லி ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) ஊற்றி, அடியில் பிடித்திருக்கும் பழுப்பை மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். அதைக் கரி என்று நினைத்துக் கழுவிவிடக் கூடாது, பாதி ருசி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தைம் இரண்டு கொத்து, பே லீஃப் ஒன்று. இது நம் பிரிஞ்சி இலை அல்ல. அது பட்டை வாசனை அடிக்கும், இது வேறு மரம்.

பாதி மூடி போட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரம். கரண்டியை அடியில் இழுத்தால் பாதை விழுந்து, ஒரு நொடி நின்று, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். தளர இருந்தால் அவனில் கொதித்துக் கிழங்குக்குள் ஏறிவிடும். கடைசியில் ஒரு கைப்பிடி பட்டாணி. மிளகுத்தூளுக்கு மட்டும் இந்த வீட்டில் தாராள அனுமதி உண்டு.

இப்போது பாட்டில் விஷயம். இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் இந்தக் கட்டத்தில் வூஸ்டர் சாஸ் ஊற்றுவார்கள். லீ அண்ட் பெரின்ஸ் 1837லிருந்து விற்கும் சாஸ் அது. ஷெஃபீல்டில் அதைச் சொன்னால் முகம் சுருங்கும். இங்கே ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ்தான். 1885ல் ஹென்றி ஹெண்டர்சன் என்பவர் இந்த ஊரிலேயே பிராட் லேனில் தொடங்கியது, இன்றைக்கும் ஷெஃபீல்டில்தான் தயாராகிறது. ஆரஞ்சு லேபிள் ஒட்டிய பாட்டில் உப்பு, மிளகுக்குப் பக்கத்தில் கடைகளின் மேசைகளில் நிற்கும். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் ஊறியிருக்கும். ஹெண்டர்சன்ஸில் மீன் கிடையாது, சைவக்காரர்களும் தொடலாம்.

இரண்டிலும் பொதுவாக இருப்பது என்ன தெரியுமா? புளி. லேபிளைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ஹெண்டர்சன்ஸில் வினிகர், கிராம்பு, காரத்துக்குக் கெய்ன் மிளகாய், பூண்டு எண்ணெய், நடுவில் நம்ம புளி. எனக்கு இதைப் பார்த்ததும் ரொம்ப நிம்மதி. மசாலா இல்லாத சாப்பாடு என்று இத்தனை நேரம் நான் பிடிவாதம் பிடித்ததில் ஒரு ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை புளி போட்டு அடைத்தது. இரண்டு பெரிய ஸ்பூன் ஊற்றிக் கலக்குங்கள். ஆட்டுக்கொழுப்பின் கனத்தை அந்தப் புளிப்பு வெட்டிவிடும்.

கிழங்குக்கு வருவோம். மாவாக உடைகிற ஜாதி வேண்டும். இங்கே மாரிஸ் பைப்பர், அல்லது கிங் எட்வர்ட். மாரிஸ் பைப்பர் கேம்பிரிட்ஜில் உருவாக்கி 1966ல் வெளியிட்ட ரகம். கிங் எட்வர்ட் 1902லிருந்து இருக்கிறது. சாலடுக்குப் போடும் மெழுகுக் கிழங்கு இதற்கு ஆகாது. ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி ஒரே அளவாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கரைந்துவிடும். வெந்ததும் வடித்து, அதே சூடான பாத்திரத்தில் இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். ஆவி போகட்டும், ஓரமெல்லாம் வெளுத்து உதிரும். ஈரத்தோடு மசித்தால் எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் சவசவ என்றுதான் இருக்கும்.

மிக்ஸி பக்கம் போகவே வேண்டாம். பிளேடு கிழங்கின் செல்களைக் கிழித்து ஸ்டார்ச்சை வெளியே கொண்டுவந்துவிடும். போஸ்டர் ஒட்டலாம், சாப்பிட முடியாது. இதற்கென்றே ரைசர் என்று ஒரு சாதனம் விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த இடியாப்ப உழக்கில் காராசேவு அச்சைப் போட்டுப் பிழிகிறேன். கட்டி ஒன்றுகூட இல்லாமல், உதிரி உதிரியாக விழும். முதலில் 75 கிராம் வெண்ணெய், அது முழுக்கக் கலந்த பிறகு 100 மில்லி சூடான பால். வெள்ளை மிளகு, துருவிய ஜாதிக்காய் கொஞ்சம். அப்படியே சாப்பிடும் மசியலைவிட இது சற்றுக் கெட்டியாக இருக்கட்டும்.

கறியைப் பாத்திரத்தில் பரப்பி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு கிழங்கை வைத்தால் முழுகிப்போகும். ஆறினால் மேலே ஆடை கட்டி, கிழங்கைத் தாங்கும். ஓரத்திலிருந்து ஸ்பூன் ஸ்பூனாக வைத்துப் பாத்திரத்தின் விளிம்போடு ஒட்டி மூடிவிட்டு, கடைசியில் நடுவுக்கு வர வேண்டும். நடுவில் கொட்டி ஓரத்துக்குத் தள்ளினால் குழம்பு விளிம்பு வழியாகப் பொங்கி அவன் அடுப்பு முழுக்க நாறும். பிறகு முள்கரண்டியால் மேலே வரி வரியாகக் கோடு போடுங்கள். அழகுக்காக மட்டும் இல்லை, அந்த மேட்டு வரப்புகள்தான் சிவந்து மொறுமொறுப்பாகும். என் மகளுக்கு அந்த மேட்டுப் பகுதி மட்டும் போதும். மேலே செடார் சீஸ் துருவச் சொல்வாள். பக்கத்து வீட்டு அம்மா அதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். நான் பாதிக்குச் சீஸ், பாதிக்கு வெண்ணெய் என்று எல்லை பிரித்து வைத்திருக்கிறேன்.

200 டிகிரி, விசிறி வைத்த அவன் என்றால் 180. அரைமணி நேரத்தில் ஓரங்களில் குழம்பு கொப்பளிக்கும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். உடனே வெட்டினால் தட்டில் ஓடும். பக்கத்தில் வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ், இந்த வட்டாரத்தில் அதுதான் ஜோடி. மேலே இன்னொரு சுற்று ஹெண்டர்சன்ஸ். என் மனைவி எலுமிச்சை ஊறுகாய் வைத்துக்கொள்வார். மசாலாத் தடை சட்டிக்குத்தான், தட்டுக்கு இல்லை என்பது அவர் வாதம்.

தமிழ்நாட்டில் ஓடிஜி வைத்திருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பியை மட்டும் போட்டால் நன்றாகச் சிவக்கும். நம்ம ஊர் மட்டன் இங்கத்திய லேம்பைவிட முற்றியது, ஒரு மணி நேரம் பத்தாது. குக்கரில் நாலு விசில் விட்டு, திறந்து சுண்டவையுங்கள். பே லீஃப் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ரெலிஷுக்குப் பதிலாகக் கெட்டிப் புளிக்கரைசல் ஒரு டீஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன், வெல்லம் சுண்டைக்காய் அளவு, கிராம்புத்தூள் துளி. கிராம்புத்தூளை எடுக்கிற சாக்கில் பட்டை, சோம்பு என்று இறங்கிவிடாதீர்கள்.

இரண்டு பாத்திரமாகச் செய்து ஒன்றை அவனில் வைக்காமலே ஃபிரீசரில் போடலாம். சமைக்கப்போகும் நாளுக்கு முந்தின இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் 180ல் முக்கால் மணி நேரம். நடுவில் கத்தியை விட்டு எடுத்து நுனியைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் ஆகிவிட்டது.