ஆம்ப்பில் சத்தம் குறைகிறதா? வால்வை மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

முந்தாநாள் ராத்திரி என் கிடார் ஆம்ப் வீடு வந்து சேர்ந்தது. நேற்று மூன்று மணி நேரம் வாசித்தேன், ஒரு இடத்தில்கூட சத்தம் இறங்கவில்லை. நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஒரு மாதமாக அலைய விட்ட எரிச்சல் இன்னும் போகவில்லை. சென்னையில் ட்யூப் ஆம்ப் (ட்யூப் என்றாலும் வால்வு என்றாலும் ஒன்றுதான்) வைத்திருப்பவர்கள், அதிலும் கடலோரம் குடியிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பிறகு கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

என்னுடையது 40 வாட் காம்போ, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் 6எல்6 வால்வு இரண்டு, கிடார் சிக்னலை முதலில் வாங்கும் முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வால்வு மூன்று. வீடு திருவான்மியூரில், பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் சர்ச்சில் கேரல் ஒத்திகை ஆரம்பித்தது. இருபது நிமிடம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்புக்குத் திடீரென்று தொண்டை கட்டியது. சத்தம் பாதிக்கும் கீழே. ஓங்கி ஒரு கார்டு அடித்தால் 'டப்' என்று பழைய சத்தம் திரும்பும், ஐந்து நிமிடத்தில் மறுபடி அமுங்கிவிடும். கேபிள், பெடல், கிடார் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. லோ வோல்டேஜோ என்று மீட்டர் வைத்தேன், 228 வோல்ட் காட்டியது, குறையில்லை.

ட்யூப் ஆம்ப் என்றாலே ட்யூப்தான் போயிருக்கும் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. சர்வீஸ் கடைக்காரரும் அதையே சொன்னார். கடையின் பெயர் வேண்டாம். ஆம்ப்பை ஆன் செய்துகூடப் பார்க்காமல், "பவர் ட்யூப் வீக் சார், ஜோடியா மாத்திடலாம்" என்றார். பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். நடுவில் ஒருநாள் பார்க்கப் போனபோது, கடைப் பையன் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்விட்சில் கை வைக்கிறான். கத்திவிட்டேன். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் பரவாயில்லை. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்து போகலாம். அங்கேயே ஆம்ப்பை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

பில் 8,400 ரூபாய். பழைய வால்வுகளைக் கேட்டேன். "உள்ள எங்கயோ இருக்கும் சார், தேடி வைக்கிறோம்" என்றார்கள். தயவுசெய்து இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாற்றிய பாகம் கையில் வந்த பிறகுதான் காசு. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அதே தொண்டைக் கட்டு, அதே 'டப்'.

பவர் வால்வு இல்லையென்றால் முன்பகுதி வால்வாக இருக்குமோ என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஒழிவு என்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு நடை வீண். பெரும்பாலான கடைகள் ஷட்டர் போட்டிருந்தன. வேலை நாளில் போங்கள். அடுத்த முறை லீவு போட்டுவிட்டு, அங்கேயே நரசிங்கபுரம் தெருவில் கடை கடையாக 12ஏஎக்ஸ்7 கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அதற்கே ஈசிசி83 என்று ஐரோப்பியப் பெயர் உண்டு, பழைய கைகளுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். அப்படிக் கேட்டவுடன் ஸ்பீக்கர் கடைக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, வால்வு ரேடியோ பார்க்கிற பெரியவர் ஒருவருக்கு வழி சொன்னார். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு குண்டு பல்பு, ஒரு மீட்டர். அவ்வளவுதான் கடை.

மறுநாள் இருபது கிலோ ஆம்ப்பைத் தார்ப்பாயில் சுற்றி, கொட்டுகிற மழையில் ஆட்டோவில் கொண்டுபோனேன். ஐயா ஸ்க்ரூவில் கை வைக்கவே இல்லை. கேள்வி கேட்டார். "ரெண்டு சேனல்லயும் குறையுதா, ஒண்ணுல மட்டுமா?" இரண்டிலும்தான். "இரைச்சல், ஹம் எதுவும் கூடுதா?" இல்லை. "மெதுவா இறங்குதா, படக்குன்னு விழுதா?" படக்கென்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வால்வு இப்படிப் பண்ணாது தம்பி. எங்கயோ தொட்டும் தொடாம நிக்குது" என்றார்.

வாசிக்கச் சொன்னார். சத்தம் விழுந்த நிமிடத்தில், பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப்பின் (முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல் மாட்டுவதற்கான இடம்) சென்ட் என்ற வெளியே போகும் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் என்ற உள்ளே வரும் ஜாக்குக்கு ஒரு சின்ன கேபிளைச் செருகினார். முழுச் சத்தமும் திரும்பி வந்தது. கேபிளை உருவினார், விழுந்தது. செருகினார், வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லூப்பை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அதனால்தான் அந்தப் பக்கமே புத்தி போகவில்லை. ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் செருகாதபோது உள்ளே ஒரு மெல்லிய தகடு இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்பகுதியிலிருந்து வரும் சிக்னல் அதைத் தாண்டித்தான் பவர் பகுதிக்குப் போகவேண்டும். வருஷக்கணக்கில் உப்புக்காற்று பட்டு அந்தத் தகடு கறுத்துப்போயிருந்தது, ஓரத்தில் லேசாகப் பச்சை. ஓங்கி அடிக்கும்போது அதிர்வில் ஒரு கணம் ஒழுங்காகத் தொடும், அதுதான் 'டப்'.

இரண்டு பாதியில் எது குற்றவாளி என்று பிரிக்க அவர் இன்னொரு வழியும் காட்டினார். கிடாரை நேராக ரிட்டர்னில் செருகிப் பாருங்கள். ஒலி கொஞ்சம் மெலிந்தே வரும், ஆனால் விட்டு விட்டு விழாமல் ஒரே சீராக நின்றால் பவர் பகுதியில் கோளாறில்லை. சென்ட்டிலிருந்து வேறு ஆம்ப்புக்குக் கொடுத்தால் முன்பகுதியின் லட்சணம் தெரியும். எதையும் திறக்கத் தேவையில்லை.

திறப்பதை அவரிடமே விட்டேன். நீங்களும் பழகியவரிடமே விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஆளைக் கொல்லப் போதும். அவர் ஒயர் கட்டிய ரெசிஸ்டரை வைத்து அதை வடியவிட்டு, மீட்டரில் இறங்கியதைப் பார்த்த பிறகே விரல் வைத்தார். தப்பித்தவறி ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க, இடது கை முழுநேரமும் பாக்கெட்டில்.

விசிட்டிங் கார்டை ஒல்லியாக வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தகடுகளுக்கு நடுவே விட்டு இழுத்தார். வெள்ளை அட்டை கரிக்கோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தது. "உப்புத்தாள் போட்டுராத, முலாம் போயிடும்." ஆனாலும் தகட்டில் விறைப்பு குறைந்திருந்ததால் இரண்டு ஜாக்கையும் மாற்றிவிட்டார். ஜாக் 120 ரூபாய். கூலி 600.

அதோடு முடியவில்லை. கடையில் புது வால்வு போட்டவர்கள் பயாஸ், அதாவது வாசிக்காதபோது பவர் வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டும் என்ற அளவை, செட் பண்ணவே இல்லை. இரண்டும் தேவைக்கு மேல் கரண்ட் இழுத்துச் சூடாக ஓடிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டிருந்தால் சீக்கிரமே செத்திருக்கும். அதையும் சரிசெய்து கொடுத்தார். பவர் ட்யூப் மாற்றினால் பயாஸ் பார்த்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், மீட்டர் வைத்ததைக் கண்ணால் பாருங்கள்.

மாதம் ஒருமுறை லூப் ஜாக் இரண்டிலும் ஒரு பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுக்கச் சொல்லியிருக்கிறார். தகடு உரசிச் சுத்தமாகும். அதற்கென்றே ஒரு சின்ன கேபிளை ஆம்ப் கைப்பிடியில் கட்டி வைத்துவிட்டேன்.

என் பழைய 6எல்6 இரண்டிலும் ஒரு கோளாறும் இருந்திருக்காது. அவற்றை வாங்கத் திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போகிறேன்.