தரங்கம்பாடி மணலிலும் காரை மேட்டிலும் சுறாப்பல் தேடுவது

தரங்கம்பாடிக் கரையில் காலை நடை போகும்போது சுறாப்பல் தேடுவது எனக்கு நெடுநாளைய வழக்கம். வெளிநாட்டுக் கடற்கரைகளில் கோடி ஆண்டுப் பழமையான சுறாப்பற்களைப் பொறுக்குவதைப் படங்களில் பார்த்துவிட்டு, நம் டெல்டாவிலும் அவை கிடைக்குமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கிடைக்கும், ஆனால் அதற்கு இன்றைய கடலை விட்டு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும்.

நம் கரையில் கிடைப்பவை பெரும்பாலும் இக்காலத்துப் பற்கள். அலை இறங்கும்போது கிளிஞ்சல் தூளும் கருமணலும் வரிவரியாகப் படியும் இடத்தில் குனிந்து பார்த்தால் எப்போதாவது ஒன்று தென்படும். ஒருமுறை சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு இருந்த வெள்ளைப் பல் ஒன்றை வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். "பால்சுறாப் பல்லு தம்பி, இங்க அறுத்துப் போட்டதா இருக்கும்" என்றார். கரையிலேயே சுறாவை அறுத்துக் கருவாடு போடும் ஊரில் அதுதான் சரியான விடை. சங்க காலத்துப் புகார்ப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டவர்கள். இந்தக் கரைக்கும் சுறாவுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

ஆனாலும் புதைபடிவத்தின் கணக்கில் இரண்டாயிரம் ஆண்டு என்பது நேற்றைய பொழுது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னர் கடல் ஏறி நின்றபின், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் நாம் உழும் நிலமும் நடக்கும் கரையும். பழங்கடலின் படிவுகள் அதற்கு அடியில், பல இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. நரிமணம் பக்கம் எண்ணெய்க் கிணறுகள் அவ்வளவு ஆழம் இறங்குவதும் அந்தப் பழம்படிவுகளைத் தேடித்தான். அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு பல்லை எந்த அலையும் பெயர்த்து மேலே கொண்டுவராது.

அதே படிவுகள் மேற்கு விளிம்பில், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில், தரைக்கு மேலேயே வெளிப்பட்டிருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டிய மேட்டுநிலம் அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. புல் பூண்டு அதிகம் முளைக்காத களிமண் மேடுகளை மழைநீர் நூற்றுக்கணக்கான ஓடைகளாக அரித்து வைத்திருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், அண்டார்டிகாவிடமிருந்து இந்தியா பிரிந்து உருவான புதிய கடலின் அடித்தரை இது. சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும், கணவாயின் பழைய உறவான பெலம்னைட்டுகளும், சுறாப்பற்களும் இந்தக் களிமண்ணில் கிடைத்திருக்கின்றன. இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் எச்சங்களும், சிப்பிகளை நொறுக்கித் தின்ற டைகோடஸ் சுறாவின் வரிவரியான தட்டைப் பற்களும் இங்கிருந்து ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டுள்ளன.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பாலானது என்பதால் அது பெரும்பாலும் மக்கிப்போகிறது. பல்லோ கடினமான கனிமம். வாழ்நாள் முழுவதும் விழுந்து முளைத்துக்கொண்டே இருப்பதால் ஒரே சுறா ஆயிரக்கணக்கில் உதிர்க்கவும் செய்கிறது. மண்ணுக்குள் புதைந்த பல்லில் நிலத்தடி நீரின் தாதுக்கள் ஊறி, அது பழுப்பாகவோ கருப்பாகவோ மாறிவிடுகிறது. அந்த நிறம் புதைந்திருந்த மண்ணின் தன்மையைத்தான் காட்டும்; கருப்பாக இருப்பதாலேயே ஒரு பல் மிகப் பழையது என்று முடிவு கட்டிவிட முடியாது.

காரையில் கண்ணை ஏமாற்றுவது ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளிலெல்லாம் அதன் படிகத் துண்டுகள் வெயிலில் பளபளப்பதால், உச்சிப்பொழுதில் தேடுவது வீண் வேலை. மழைக்காலம் முடிந்தபின், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஓடையடியில் சரளை சேர்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்க வேண்டும். அப்படி நான் கண்ட ஒரு பல் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. இரண்டாகப் பிரிந்த அதன் வேர் சொரசொரப்பாக மங்கியிருந்தது. வேருக்கு மேலே பழுப்பு நிற முனை மட்டும் எண்ணெய் தடவிய புளியங்கொட்டைபோல மின்னியது. சரளையில் கிடந்த மற்ற எதற்கும் அந்த மினுமினுப்பு இல்லை. இப்போது நான் அங்கே உருவத்தைத் தேடுவதில்லை, பளபளப்பைத்தான் தேடுகிறேன்.

அரியலூர்ப் பகுதியின் மருதையாறு கொள்ளிடத்தில் கலப்பதால், மேட்டிலிருந்து அரிபட்ட ஒரு பல் உருண்டு உருண்டு, கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு முகத்துவாரம் வரை வந்திருக்கலாகாதா என்ற ஆசை எனக்கு உண்டு. வாய்ப்பு மிகக் குறைவுதான். வந்தாலும் கூரெல்லாம் தேய்ந்துபோய்த்தான் வரும். ஆயினும் அங்கே போகும்போதெல்லாம் மணலைப் பார்த்தபடியே நடக்கிறேன்.

காரைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேட்டைக் கொத்தித் தோண்டாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரத்தை இழந்த பல்லால் ஆய்வுக்குப் பெரிய பயன் இராது. ஆகவே, கண்ட இடத்திலேயே பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அதை அங்கேயே விட்டுவிடுங்கள். கையிலெடுத்துப் பார்க்க விரும்பும் பிள்ளைகளை முதலில் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கண் பழகியபின் காரைக்குப் போனால், அந்த மேட்டில் எதைத் தேடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.