சான்று தேவை: மசாலா விற்றவன் சந்தைப்படுத்தல் கற்ற வழி

டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைக்குப் போக என்ன படிக்கலாம் என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறீர்களா? பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. வெயிலில் அலையாமல் இருக்கத்தானே இந்தத் துறைக்கு வருகிறோம் என்பார்கள்.

நான் ஈரோட்டில் ஒரு மசாலா நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தவன். பவானி, அந்தியூர், கோபி, சத்தி என்று கிழமைக்கு ஒரு பீட், அதாவது அன்றைக்குச் சுற்ற வேண்டிய கடைகள். காலையில் ஏஜென்சியில், அதாவது எங்கள் சரக்கை வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரியிடம், இருப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கடைக்காரர் ஆர்டர் சொல்வதற்கு முன்பே, தேதி முடிந்த பாக்கெட்டுகளை அள்ளி மேசைமேல் வைத்துவிடுவார். “முதலில் இதற்கு வழி சொல்லுங்கள் தம்பி, புதுச் சரக்கைப் பிறகு பேசலாம்.” ஏஜென்சிக்கு பில் போட்டு அனுப்பியதெல்லாம் நிறுவனத்தின் கணக்கில் விற்பனை. அது கடையில் தூசி படிந்து கிடப்பது எந்த அறிக்கையிலும் வராது. பத்து ரூபாய்ப் பாக்கெட்டுச் சரம் கடை வாசலில் தொங்கினால் ஓடும், உள்ளே அலமாரியில் இருந்தால் ஓடாது என்பதையும் எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இடையில் அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. முடித்தேன். பதவி உயர்வுக்கு உதவியது. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அலுவலகப் பக்கம் மாறியபோது கூகுள் விளம்பரங்களுக்கான சான்றிதழ்த் தேர்வை எழுதினேன். இதற்குப் பல்லாயிரம் ரூபாய் வாங்கும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பாடமும் இலவசம், தேர்வும் இலவசம். கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் வீட்டிலிருந்தே எழுதலாம். தேறுவதற்கு 80 விழுக்காடு வேண்டும், சான்றிதழ் ஓர் ஆண்டுக்குச் செல்லும். கேள்வி பதில்களைத் திரட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்து தேறியவர்களை நேர்காணலில் பார்த்திருக்கிறேன். கூகுள் தரும் விளம்பரத் தரமதிப்பெண் ஒன்று முதல் பத்து வரை என்று சொல்லிவிடுவார்கள். நாம் விளம்பரம் போடும் ஒரு தேடுசொல்லுக்கு அது மூன்றாகக் கிடந்தால் எங்கே கை வைப்பீர்கள் என்றால் முழிப்பார்கள். விளம்பரத்தைச் சொடுக்கும் வாய்ப்பு, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், சொடுக்கியவர் போய்ச் சேரும் பக்கத்தின் தரம் என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், அதற்கு விடை வந்துவிடும்.

தமிழில் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கூகுளில் தேடும்போது வரும் தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 குறிகள்தான் இடம். “ஈரோட்டு மசாலா வீடு தேடி வரும்” என்பது நம் கணக்கில் இடைவெளியையும் சேர்த்துப் பதினெட்டு. கணினியோ கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி இருபத்தொன்பது என்கிறது. ஆங்கிலத் தலைப்பை அப்படியே தமிழாக்கினால் அநேகமாக உள்ளே அடங்காது. தமிழிலேயே யோசித்து எழுதினால்தான் அடங்கும். தேர்வில் இது வரவே வராது, வேலையில் தினமும் வரும்.

அதற்கும் முன்னால் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு இருக்கிறது. ஒரு சொடுக்குக்கு 6 ரூபாய் என்றும், ஐம்பது சொடுக்குக்கு ஓர் ஆர்டர் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டரைப் பிடிக்க 300 ரூபாய். கையில் இருப்பதோ 60 ரூபாய் மசாலாப் பாக்கெட். தனிப் பாக்கெட்டுக்குத் தேடல் விளம்பரம் வேண்டாம், கல்யாணச் சமையல்காரர்களுக்கும் விடுதிகளுக்கும் மொத்தமாக விற்க மட்டும் போடலாம் என்று சொல்ல இந்தக் கணக்கு போதும். இத்தனை ஆயிரம் பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்ற அறிக்கையும், ஏஜென்சிக்கு பில் போட்ட கணக்கும் ஒரே சாதி. கடையில் சரக்கு நகர்ந்ததா என்று கேட்டுப் பழகியவன் இரண்டிலும் ஏமாற மாட்டான்.

ஆனால் எதையும் ஆதாரம் கேட்டு எழுதும் பழக்கம் எனக்குத் தேர்விலிருந்து வரவில்லை, தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து வந்தது. 2003-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தை முழுக்கத் தன்னார்வலர்களே எழுதுகிறார்கள். ஆசிரியர்கள், பொறியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள் என்று பலரும் உண்டு. நான் போனது ஊர்ப் பாசத்தில்தான். கொடிவேரி அணைக்கட்டு, பவானி ஆறு, பவானி ஜமக்காளம் என்று எங்கள் பக்கத்துச் செய்திகளைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

விளம்பரத்தில் “உலகப் புகழ்பெற்ற” என்று எழுதினால் முதலாளி மகிழ்வார். அங்கே அதை எழுதினால், பக்கத்திலேயே ‘சான்று தேவை’ என்று யாராவது குறித்துவிட்டுப் போவார்கள். யார் சொன்னது, எந்த ஆண்டில், எந்த நூலில்? பதில் இல்லையென்றால் சொல் போய்விடும். கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் “வணக்கம்” என்று தொடங்கி மரியாதையாகத்தான் கேட்பார்கள். அந்த மரியாதைக்கு முன்னால் வாய்ச்சவடால் நிற்காது. வாடிக்கையாளரிடம் பேசும் மொழியில் உள்ள காற்றை எல்லாம் இறக்கிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

அதன் பலன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ஜமக்காளத்தின் புவிசார் குறியீடு பற்றிய ஒரு வரிக்குச் சான்று தேடியபோது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டி வந்தது. புவிசார் குறியீடு பெற்ற பெயரைப் பொருளின்மேல் போடும் உரிமை, அதற்கென்று பதிவு செய்துகொண்ட அங்கீகரிக்கப்பட்ட பயனர்களுக்கே உண்டு என்கிறது அது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், எங்கள் மஞ்சள்தூள் பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பெரிதாக அச்சிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நாம் பதிவு செய்திருக்கிறோமா என்று கேட்டேன். கூட்டம் சற்று அமைதியானது. வடிவமைப்பு அச்சகத்துக்குப் போகாமல் வழக்கறிஞரிடம் போனது.

உணவுப் பொருள் விற்கும் நிறுவனங்களில் சேர விரும்புகிறவர்கள் இந்த வகைப் படிப்பைத் தள்ளிவைக்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகளின்படி ‘இயற்கையான’, ‘தூய’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களுக்கே நிபந்தனைகள் உண்டு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பர வாசகம் எழுதுகிறவருக்கு இது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

விக்கிப்பீடியாவில் எழுதுவது தெரிந்ததும் எந்த மேலதிகாரியும் ஒன்று கேட்பார்: “நம் நிறுவனத்துக்கும் ஒரு பக்கம் போட்டுவிடுங்களேன்.” என்னிடமும் கேட்டார்கள். நான் சொன்ன பதிலை நீங்களும் சொல்லலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் 2014 முதலான பயன்பாட்டு விதி. அறிவித்தாலும், நிறுவனத்தைப் பற்றி வெளியார் விரிவாக எழுதிய நம்பகமான சான்றுகள் இல்லாவிட்டால் பக்கம் நிற்காது. நம் தளத்துக்கு ஒரு இணைப்பாவது கிடைக்குமே என்றால் அதிலும் லாபமில்லை. அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தேடுபொறிகள் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதபடி எப்போதோ குறியிட்டுவிட்டார்கள். இதில் கடைசிக் காரணத்தைச் சொன்ன பிறகுதான் பேச்சு முடிந்தது. மசாலா நிறுவனத்தில் இருந்தவரை மஞ்சள், மிளகாய்ப் பக்கங்களில் நான் கை வைக்கவில்லை. அணைக்கட்டும் ஆறும் போதுமானதாக இருந்தன.

வேலை விண்ணப்பத்தில் இதைக் குறிப்பிடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும், யார் எதை ஏன் திருத்தினார்கள் என்பதும் பொதுவில் கிடக்கிறது. இப்போது நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்பு அந்த உரையாடல் பக்கத்தைத்தான் திறப்பேன். தன் வரியை ஒருவர் வெட்டியபோது விண்ணப்பதாரர் எப்படிப் பதில் சொன்னார் என்பதில், வாடிக்கையாளரின் புகாரை நாளை எப்படிக் கையாள்வார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

தொடங்க நினைப்பவர்கள் நிறுவனப் பெயரில் கணக்கைத் திறக்காதீர்கள். முதல் சில நாட்கள் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். புதுக் கட்டுரைக்கு அவசரப்படாமல், ஏற்கெனவே ‘சான்று தேவை’ என்று நிற்கும் வரிகளுக்கு நூலகத்தில் தேடிச் சான்று சேருங்கள். சந்தேகம் வந்தால் ஆலமரத்தடி என்ற பொதுப் பக்கத்தில் கேட்கலாம், அங்கே யாராவது பதில் சொல்வார்கள். கூகுள் தேர்வை அதோடு சேர்த்தே படிக்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்களுக்குக் காலையில் தேர்வுப் பாடமும் இரவில் விக்கியும் ஒத்துவரும். காலை நேரத்தில் விக்கியைத் திறந்தால் பஸ்ஸைத் தவறவிடுவீர்கள்.