மூன்றாவது பத்தி

“நாளைக்குக் கவுன்சிலரைப் பார்க்கப் போறோம்ப்பா” என்று போனில் சொன்னேன். பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவுக்குக் காது மந்தம். கவுன்சிலர் என்ற சொல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. “வார்டு கவுன்சிலரையா? அமெரிக்காவுலயும் சாக்கடை அடைச்சிக்கிட்டா?” என்றார்.

மகள்தான் போனை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, வாயை நன்றாகத் திறந்து விளக்கினாள். “பள்ளியில் கல்லூரி விண்ணப்பத்துக்கு வழி சொல்கிறவர், தாத்தா.” அவளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

2023 மே மாதம் அது. டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் வீடு. நாங்கள் பதினான்கு கல்லூரிகளின் பட்டியலோடு போயிருந்தோம். கவுன்சிலர் அம்மா ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்தார். எட்டாத உயரம் ‘ரீச்’, எட்டக்கூடியது ‘டார்கெட்’, கட்டாயம் கிடைப்பது ‘சேஃப்டி’. எங்கள் பதினான்கில் பதினொன்று முதல் பத்தியில் போய் உட்கார்ந்தது. அப்போது நூறு பேர் கேட்டால் நாலு பேரைக்கூட எடுக்காதிருந்த ஹார்வர்டும் அதில் உண்டு. மூன்றாவது பத்தி காலி.

எனக்கு இந்தக் கணக்கே பிடிபடவில்லை. நான் 1999இல் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் சீட் எடுத்தவள். முன்னூறுக்கு இவ்வளவு என்று ஒரு கட்-ஆஃப். திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். பயமெல்லாம் முறை வரும்வரைதான். எண் தெரிந்தால் விதி தெரிந்துவிடும். இங்கே மதிப்பெண் முழுதாக இருந்தும் கட்டுரை, சிபாரிசுக் கடிதம், வயலின், தன்னார்வத் தொண்டு என்று ஆயிரம் பார்த்துவிட்டு, காரணம் சொல்லாமல் ‘இல்லை’ என்பார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், காரிலேயே, என் கணவர் மூன்றாவது பத்தியை நிரப்பிவிட்டார். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கொடுக்கும் வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டு. பத்து நிமிட வேலை. முதல் பத்திக்கு ஒரு வருடம் செலவழித்திருந்தோம்.

அடுத்த சந்திப்பில் கவுன்சிலர் ஒன்றே ஒன்று கேட்டார்: “இடம் கொடுத்தால் பணம் கட்டுவீர்களா?” மகள் நான்கு வயதில் எங்களோடு வந்தவள், இன்னும் எச்-4 விசா, அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது. கிரீன் கார்டு வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகையோ கடனோ கிடையாது. வெளிமாநிலத்தவருக்கான கட்டணத்தை நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்ததும் கணவர் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார். கட்ட முடியாத கல்லூரி எப்படி சேஃப்டி ஆகும்? டெக்சஸிலோ, எச்-4 என்றாலும் உள்ளூர்க்காரர் கட்டணம்தான்.

அப்போதுதான் டெக்சஸ் சட்டம் ஒன்று கண்ணில் பட்டது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1996இல் தீர்ப்பு வந்தபின், 1997இல் கொண்டுவந்தது. மாநிலத்துப் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்தே ஆக வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மட்டும் விலக்கு. கூட்டம் தாங்காமல் 2009இல் அதற்குத் தனி வரம்பு வைத்தார்கள். எங்கள் வருடம் ஆறு சதவீதம், 2026இல் சேர்கிறவர்களுக்கு ஐந்து. மகள் எட்டு சதவீதத்தில் இருந்தாள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் எட்டு என்பதே பெரும்பாடு. ஆஸ்டின் உறுதியில்லை, மற்றவை உறுதி. கட்-ஆஃப் இல்லாத ஊரில் ஒரு கட்-ஆஃப்! சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

ஆனாலும் இடம் வேறு, பாடம் வேறு. ஆஸ்டினில் ஆறுக்குள் இருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருவோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எங்கள் வருடம், டெக்சஸ் ஏ அண்ட் எம் என்ற இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குப் போனால் முதல் வருடம் பொதுப் படிப்பு, அதன்பிறகுதான் பிரிவுக்குப் போட்டி. “ஆஸ்டின்தான் எங்க சேஃப்டி” என்று பொங்கல் விழாவில் சொல்லும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பதறுகிறது.

மகள் தானே ஒரு பெயர் எழுதினாள்: ரிச்சர்ட்சனில், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் யு.டி. டாலஸ், அதாவது டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நம்மூர்ப் பிள்ளைகள் எம்.எஸ். படிக்க வந்து இறங்கும் இடம் என்றுதான் தெரியும். என் சித்தி மகனும் அங்கேதான் படித்தான். இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று கேட்டுவிட்டேன்.

“நீ ஒரு தடவை வந்து பாரேன்ம்மா.”

போனோம். மக்னோலியா மரங்கள், நீர்த்தொட்டிகள் எல்லாம் பார்த்தாயிற்று. அவள் காட்ட நினைத்தது அதுவல்ல. காலியர் மையம் என்று ஒன்று, அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. கேட்கும் திறன், பேச்சுக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் அங்கே நடக்கின்றன. இளங்கலையிலேயே அந்தப் பாடம் உண்டு. “கம்ப்யூட்டர் சயின்ஸ் உன் லிஸ்டும்மா” என்றாள் வாசலில் நின்று. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. எனக்குக் கோபம். அவள்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்க இரண்டு நாளானது.

மார்ச் கடைசியில் ரீச் எல்லாம் வரிசையாக ‘இல்லை’ என்றன. ஒரே ஒரு தனியார் கல்லூரி காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. நான் ஒவ்வொன்றுக்கும் அழுதேன். அவள் ஒன்றுக்கு மட்டும் அழுதாள். மே 1 கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே டாலஸுக்குப் பணம் கட்டிவிட்டோம்.

அன்றிரவே அப்பாவைக் கூப்பிட்டாள். காது மெஷினைக் கழற்றி வைத்திருப்பார் போல.

“டாலஸ், தாத்தா! டாலஸ்!”

“எது, தாழையூத்தா?” அப்பா குரலில் அப்படியொரு சந்தோஷம். “நம்ம சிமெண்டு ஆலைப் பக்கம்லா? அப்ப என்னத்துக்குட்டி ஹாஸ்டலு? வீட்டுலருந்தே பஸ்ஸுல போயிட்டு வந்துரலாமே!”