எந்த வழியில் வந்தது? மகனின் வீசிங்கும் ஒரு குடும்ப வரைபடமும்

ஏழு வயதாகும் எங்கள் மகனுக்கு மழைக்காலந்தோறும் வந்துபோன வீசிங் ஆஸ்துமாதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள, மதுரையில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் சென்றோம். கூடவே, இது யார் வழியில் வந்தது, மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளும் வீட்டில் எழுந்திருந்தன. இதே நிலையில் உள்ள பெற்றோருக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக மூன்று தலைமுறையை வரையத் தொடங்கினார். "எங்க வழியில யாருக்கும் ஆஸ்துமா கிடையாதுங்க டாக்டர்" என்று என் மாமியார் முந்திக்கொண்டார். மருத்துவரோ நோயின் பெயரை விட்டுவிட்டு, விடியற்காலை இருமல், தூசி பட்டால் அடுக்குத் தும்மல், மார்கழிப் பனியில் இளைப்பு, கைக்குழந்தையாக இருந்தபோது தோலில் அரிக்கும் கரப்பான் (எக்ஸிமா) என ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு உறவினரைப் பற்றியும் தனித்தனியே விசாரித்தார். அப்போதுதான் உசிலம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட, என் மாமனாரின் தங்கையைப் பற்றிய பேச்சு வந்தது. அவருக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு உண்டு என்பதையும், பெண் பார்க்க வந்தவர்களிடம் "சளி உடம்பு" என்று மட்டும் சொல்லிக் கட்டிக்கொடுத்ததையும் மாமியாரே தயங்கித் தயங்கிச் சொன்னார். மேலூரில் இருக்கும் என் அப்பாவின் தீராத தும்மலும் தாளில் ஏறியது. இரண்டு பக்கமும் கட்டங்கள் நிழலிடப்பட்டன. வரன் பார்ப்பதில் தடை வருமென்று நோயை மறைப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் அந்த மறைப்பு அடுத்த தலைமுறைப் பிள்ளையின் மருத்துவக் குறிப்பில் ஓட்டை போடுகிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதவைத்து அளக்கும் பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயை இறுகக் கவ்வவைத்து, முழு மூச்சையும் இழுத்து ஒரே வேகத்தில் வெளியே தள்ளச் சொன்னார்கள். திரையில் மெழுகுவர்த்திகள் எரியும், ஊதினால் அணையும். "விடாத, விடாத, இன்னும் ஊது தம்பி" என்று டெக்னீஷியன் குரல் கொடுக்க, முகம் சிவந்து, கடைசி மெழுகுவர்த்திக்கு முன்னால் இருமிவிடுவான். சரியான ஊதல்கள் கிடைத்தபின், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் வழியாக, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் ஊதவைத்தார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. குறிகளும் குடும்ப வரலாறும் இதனோடு பொருந்தியதால் ஆஸ்துமா என்று எழுதினார்.

மரபணு பற்றி நாங்கள் கேட்டதற்கு அவர் நிதானமாகவே விளக்கினார். ஆஸ்துமாவுக்கு என்று ஒற்றை மரபணு கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் உள்ள சிறு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகின்றன. அவற்றில் சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவோடு மிக உறுதியாகத் தொடர்புபட்டிருப்பது, 2007-இல் கண்டறியப்பட்ட, 17-ஆம் குரோமோசோமில் ஓஆர்எம்டிஎல்3 என்ற மரபணு இருக்கும் பகுதி. தோலின் மேலடுக்கைக் காக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணு பழுதுபட்டால் கரப்பானும், அதைத் தொடர்ந்து ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. சளிக் காய்ச்சல் தரும் ரைனோவைரஸில் ஒரு வகை, மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தை உருவாக்கும் சிடிஎச்ஆர்3 மரபணுவிலும் இத்தகைய மாறுபாடு உண்டு. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவதும் சாதாரணம் என்றார். இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை 35 முதல் 95 விழுக்காடு வரை வெவ்வேறாகக் காட்டுகின்றன என்பதைப் பின்னர் படித்தேன். அது ஒரு மக்கள்தொகைக்குள் காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. என் மகனுக்கு இத்தனை விழுக்காடு வரும் என்பதல்ல.

எச்சிலை அனுப்பினால் அறிக்கை தரும் ஒரு தனியார் பரிசோதனையின் விளம்பரத்தைக் கணவர் போனில் காட்டினார். மருத்துவர் சிரித்துவிட்டு, வரைந்த தாளைத் தட்டினார்: "இதுக்கு மேல அது ஒண்ணும் சொல்லாதுங்க. மருந்தையும் மாத்தாது." அப்படிப்பட்ட பரிசோதனைகளில் பயன்படும் மாறுபாடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரை வைத்துக் கண்டறியப்பட்டவை என்பதும் ஒரு காரணம். அந்தப் பணத்தை எச்சில் குழாயில் போடாமல் நல்ல ஸ்பேசருக்கும் தலையணை உறைகளுக்கும் செலவிட்டது சரிதான் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர் சொன்ன ஒன்று வீட்டையே அசைத்தது. பிரெஞ்சுக் குடும்பங்களில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வொன்றில், 17-ஆம் குரோமோசோமின் அதே பகுதி தரும் ஆபத்து, இளம் வயதில் புகையிலைப் புகைக்கு ஆளான பிள்ளைகளிடம் மேலும் கூடியிருந்ததாம். மாமனார் திண்ணையில் பீடி பிடிப்பவர். "உள்ள வந்தா குடிக்கிறேன்? வெளியதான" என்பது அவர் வழக்கு. திண்ணையின் ஜன்னல் மகன் படுக்கும் அறைக்குத் திறக்கும். மரபணுவை மாற்ற முடியாது, ஜன்னலுக்கு அப்பால் நடப்பதை மாற்றலாம் என்று மருத்துவர் நேரடியாகவே சொன்னதால், நான் சொன்னால் வரும் மனத்தாங்கல் வராமல் போயிற்று. மாமனார் இப்போது தெருமுனை டீக்கடைக்குச் செல்கிறார். கொசுவத்திச் சுருளும் போய், வலை வந்துவிட்டது.

தினசரி இன்ஹேலரும், அதன்பின் வாய் கொப்பளிப்பதும் மகனுக்குப் பழகிவிட்டன. அடுத்த மறுபரிசோதனையில் மருந்தின் அளவைக் குறைப்பது பற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார் மருத்துவர். மகளுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் இருப்பதால், அவளுக்கும் சளி பிடிக்கும்போது விசில் சத்தம் வருகிறதா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார். கருவுற்றிருக்கும் என் நாத்தனார் அந்த வரைபடத்தைத் தனக்கும் கேட்டார். ஜெராக்ஸ் எடுத்து, அவர் புகுந்த வீட்டுப் பக்கத்தை நிரப்பக் கீழே இடம் விட்டுக் கொடுத்திருக்கிறோம்.